நாற்பத்திரண்டாம் இதழ்

என் தம்பி என்னைச் சாட்சி சொல்லக் கூப்பிட வந்தபோது நான் கத்தரிக்கோல்களை எண்ணிக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியில் என் வேலை அதுதான். ஆபரேஷனுக்குப் போய்வந்த கருவிகளைக் கழுவி, எண்ணி, துணியில் கட்டி, நீராவி இயந்திரத்தில் வேகவைத்துத் திருப்பி அனுப்ப வேண்டும். எண்ணிக்கையில் ஒன்று குறைந்தால் அது யாருடைய வயிற்றுக்குள்ளாவது இருக்கலாம். அதனால் எண்ணும்போது யாராவது பேச்சுக் கொடுத்தால் எனக்குக் கோபம் வரும். இருபத்தாறு வருஷமாக வந்துகொண்டிருக்கிறது.

"அக்கா, ஞாயித்துக்கிழமை நீ சும்மாதானே இருப்பே?" என்றான் ஜன்னலுக்கு வெளியே நின்றபடி.

"சும்மா இருக்கிறதுக்குன்னு எனக்கு இருக்கிறதே அந்த ஒரு நாள்தான். அதுக்கும் உலை வைக்காதே."

"ரெண்டு மணி நேரம்தான். நீ வந்து, 'படிச்சேன்'னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"எதைப் படிச்சேன்னு?"

"நாப்பத்திரெண்டை."

பதினேழு வரைக்கும் எண்ணியிருந்தேன். அத்தனையும் மறந்துபோயிற்று. கத்தரிக்கோல்களைத் தட்டில் கவிழ்த்துவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன். அவன் போகாமல் நின்றான். உடம்பின் பாரத்தை இடது காலுக்கு மாற்றிக்கொண்டு, வலது கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றான். கடைசியில், "சரி, வர்றேன், போய்த் தொலை" என்றேன்.

தம்பிக்கு நாற்பத்து நாலு வயது. லிஃப்ட் மெக்கானிக். எங்கள் ஆஸ்பத்திரி லிஃப்டுகளையும் அவன் கம்பெனிதான் பார்க்கிறது. கல்யாணம் செய்துகொண்டான், ஒத்துவரவில்லை, அவள் நல்லபடியாகவே பிரிந்து போனாள். அதற்குப் பிறகு அவனுக்கு வேலை உண்டு, நான் உண்டு, பழைய காமிக்ஸ் வாசகர்கள் குழு ஒன்று உண்டு. அந்த மூன்றில் அவன் வாய்விட்டுச் சிரிப்பது மூன்றாவதில்தான். அதைச் சொல்லிக்கொள்ள எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் உண்மை.

அவர்கள் எல்லாரையும் ஒன்று சேர்த்தது 'நாளைக்காவலன்' என்ற தொடர். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது மாதம் ஒன்று வந்தது. கதை நடப்பது இரண்டாயிரத்துப் பதினெட்டில். அப்போது அது நினைத்துப் பார்க்க முடியாத தூரத்தில் இருந்தது. நூறு மாடிக் கட்டடங்கள், வானத்தில் பறக்கும் பஸ்கள், ஒரு வில்லை போட்டால் மூன்று வேளைக்கும் பசி தீரும். நாளைக்காவலனுக்கு நெஞ்சுக்குள் ஒரு இயந்திரம். அது சூடாக இருக்கும்வரை அவனால் எதையும் தூக்க முடியும், எங்கும் பறக்க முடியும். அச்சு கொஞ்சம் விலகி விழுவதால் பாதி இதழ்களில் அவனுடைய உதட்டின் சிவப்பு கன்னத்தில் இருக்கும். எங்களுக்கு அதுவும் அழகாகத்தான் இருந்தது.

தம்பிக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, தன் நெஞ்சுக்குள்ளும் இயந்திரம் இருக்கிறது என்று முடிவு செய்து, பள்ளிக்கூடத் தண்ணீர்த்தொட்டி மேலிருந்து குதித்தான். வலது தொடை எலும்பு முறிந்தது. காலில் கயிறு கட்டி, கட்டிலின் முனையில் எடையைத் தொங்கவிட்டுப் பத்து வாரம் படுக்கப் போட்டார்கள். அப்பா வெளியூர் வேலையில் இருந்தார். அம்மாவுக்கு மாலை ஷிஃப்ட். எனக்குப் பதினாலு வயது. பள்ளிக்கூடம் விட்டதும் வார்டுக்குப் போய்விடுவேன். அவனுக்குப் பாத்திரம் வைப்பது, எடுப்பது, துடைப்பது, திட்டு வாங்குவது எல்லாம் நான்தான்.

அந்தச் சமயத்தில்தான் நாற்பத்தொன்றாம் இதழ் வந்தது. எதிரி நாளைக்காவலனின் நெஞ்சு இயந்திரத்தைப் பிடுங்கி எறிந்துவிடுகிறான். நூறாவது மாடியிலிருந்து நாளைக்காவலன் தலைகீழாக விழுகிறான். அங்கேயே 'தொடரும்' போட்டுவிட்டார்கள். தம்பி அந்தக் கடைசிப் பக்கத்தைப் பிய்த்துவிடும் அளவுக்குப் பார்த்துக்கொண்டே கிடந்தான். அடுத்த மாதம் கடைக்குப் போனேன். "இனிமே வராதும்மா. அச்சகத்தையே மூடிட்டாங்க" என்றார் கடைக்காரர்.

அதைப் போய்ச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கயிற்றில் தொங்கிக்கொண்டிருக்கும் பையனிடம் அவன் ஆள் விழுந்துகொண்டேதான் இருப்பான் என்று எப்படிச் சொல்வது? "ஒரே ஒரு பிரதிதான் வந்துச்சு, அதையும் வேற யாரோ வாங்கிட்டாங்க. ஆனா நான் நின்னுகிட்டே படிச்சுட்டேன்" என்று ஆரம்பித்து, ஒரு மாலை முழுக்க அளந்துவிட்டேன். விழும்போது ஒவ்வொரு மாடி ஜன்னலிலிருந்தும் ஜனங்கள் போர்வையை நீட்டினார்கள். அவன் ஒவ்வொன்றாகக் கிழித்துக்கொண்டு மெதுவாக விழுந்தான். புது இயந்திரம் கொண்டுவந்தார்கள். வேண்டாம் என்றுவிட்டான். அந்தக் கட்டடத்திலேயே தங்கி, லிஃப்ட் ரிப்பேர் பார்த்துக்கொண்டு காலத்தை ஓட்டினான். கதை முற்றும். பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒருத்தியின் புளுகு, அவ்வளவுதான்.

போன வருஷம் ஏதோ ஒரு பதிப்பகம் நாற்பத்தொரு இதழ்களையும் சேர்த்து, தலையணை கனத்துக்கு ஒரு புத்தகம் போட்டது. முன்னுரையில், 'தொடர் முடிவுறாமல் நின்றுபோனது' என்று எழுதியிருந்தார்கள். என் தம்பி கொதித்துப்போனான். நாற்பத்திரண்டாம் இதழை விட்டுவிட்டீர்கள் என்று பதிப்பகத்துக்குக் கடிதம் எழுதினான். குழுவில் எழுதினான். அட்டையின் நிறம், ஒன்பதாம் பக்கத்தின் மஞ்சள் பின்னணி, எந்தக் கட்டத்தில் எத்தனை போர்வை என்றெல்லாம் எழுதினான். நான் அவனுக்கு வாயால் சொன்னதோடு சரி. முப்பத்தைந்து வருஷத்தில் அவன் அதைத் தானே கண்ணால் பார்த்ததாக ஆகிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், அவன் எழுதியதைப் படித்துவிட்டு வேறு இரண்டு பேருக்கும் ஞாபகம் வந்துவிட்டது. ஒருவர் மாமா வீட்டில் படித்தாராம். இன்னொருவர் ரயிலில் படித்தாராம். குழு இரண்டாக உடைந்தது. மீதிப் பேர் அவனைப் புளுகன் என்றார்கள். "எந்த ஹீரோடா லிஃப்ட் ரிப்பேருக்குப் போவான்?" என்று ஒருவன் கேட்டிருந்தான். அதற்கு என் தம்பி எழுதிய பதிலை அவனே எனக்குக் காட்டினான். 'நான் இந்த வேலைக்கு வந்ததே அந்த இதழைப் படித்துத்தான்' என்று எழுதியிருந்தது.

அதற்கு மேல் படிக்க முடியாமல் போனை அவனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஏனென்றால் அந்தக் கால் சரியாகக் கூடவில்லை. ஒரு விரல்கடை குட்டையாகக் கூடியது. அதை வைத்துக்கொண்டு இருபத்திரண்டு வருஷமாக லிஃப்ட் குழிக்குள் இறங்குகிறான், மெஷின் அறைக்கு ஏணி ஏறுகிறான். இடுப்பு மூட்டு தேய்ந்துவிட்டது, இனி ஏறக்கூடாது என்று எங்கள் ஆஸ்பத்திரி எலும்பு டாக்டரே சொல்லிவிட்டார். கம்பெனியில் புகார் வாங்கும் மேசைக்கு வரச் சொன்னார்கள். அதே சம்பளம், நாற்காலி, மின்விசிறி. இவன் ஒற்றைக் காலில் நின்றான், மாட்டேன் என்று. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லாவிட்டால் அந்த இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். "வலிச்சாத்தானே அதெல்லாம்? எனக்கு ஒண்ணும் வலிக்கல" என்பான். நானும் சண்டை போட்டுப் போட்டு ஓய்ந்துவிட்டேன்.

அந்த வாரம் அவனுடைய தலையணைப் புத்தகத்தை வாங்கி, வேலைக்கு நடுவில் கிடைக்கும் பத்து நிமிஷ டீ நேரங்களில் படித்தேன். புதுத் தாள் கண் கூசும் வெள்ளை. உதட்டுச் சிவப்பை எல்லாம் கம்ப்யூட்டரில் உதட்டிலேயே கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். எனக்கு யாரோ அந்நியனைப் பார்ப்பதுபோல் இருந்தது. ஆனாலும் பக்கங்களைத் திருப்பத் திருப்ப, அடுத்த கட்டத்தில் என்ன வரும் என்று கைக்குத் தெரிந்திருந்தது. சுவரில் ஆளுயரத் திரையோடு டெலிபோன் இருக்கும், அதில் எண்ணைச் சுழற்றத்தான் வேண்டும். பெண்கள் வெள்ளி உடுப்புப் போட்டிருப்பார்கள், விஞ்ஞானிகளுக்கு டீ கொண்டுவந்து கொடுப்பார்கள். இரண்டாயிரத்துப் பதினெட்டு வந்து போயும் ஆகிவிட்டது. அந்த வருஷம் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். இதே மேசையில் கத்தரிக்கோல் எண்ணிக்கொண்டிருந்தேன். பறக்கும் பஸ் வேண்டாம், ஓடுகிற பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் போதும் என்று இருந்த வருஷம் அது.

படித்து முடித்தபோது ஒன்று தோன்றியது. நாற்பத்தொரு இதழிலும் நாளைக்காவலன் ஒரு நாள்கூட உட்காரவே இல்லை. எனக்கு அவனை நினைத்தால் பாவமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை என்ன சொல்வது என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. படித்தேன் என்று சொல்லிவிட்டு வந்துவிடுவது. பழைய பொய், யாருக்கும் நஷ்டம் இல்லை. தம்பிக்கு நாலு பேர் முன்னால் மானம் தப்பும். அப்படித்தான் நினைத்து பஸ் ஏறினேன்.

கூட்டம் ஒரு நூலகத்தின் இரண்டாம் மாடியில். லிஃப்ட் வேலை செய்யவில்லை. தம்பி அதன் கதவை ஒரு பார்வை பார்த்து, "சென்சார்ல தூசி. துடைச்சு விட்டா ஓடும், ஒருத்தனுக்கும் தெரியல" என்று சலித்துக்கொண்டு படியேறினான். நான் பின்னால் ஏறினேன். கைப்பிடியைப் பிடித்து உடம்பை இழுத்து இழுத்து ஏற்றினான். படி திரும்பும் இடத்தில் நின்று, சுவரில் ஒட்டியிருந்த நூலக விதிமுறைகளை முதலிலிருந்து கடைசிவரை படித்தான். அடுத்த திருப்பத்திலும் அதே விதிமுறைகள். அதையும் படித்தான். நெற்றியெல்லாம் வியர்வை.

"வலிக்குதா?"

"சேச்சே. நீதான் மூச்சு வாங்கறே, உனக்காகத்தான் நிக்கிறேன்."

அறைக்குள் முப்பது பேர் இருப்பார்கள். எல்லாரும் தலை நரைத்த பையன்கள். முன்னால் மேசையருகே மருந்துக்கடைக்காரர் உட்கார்ந்திருந்தார். குழுவுக்குத் தலைவர் மாதிரி. கடையை மகளிடம் கொடுத்துவிட்டு இதே வேலையாக இருக்கிறவர். நாற்பத்தொரு பழைய இதழ்களையும் தனித்தனிக் கண்ணாடி உறையில் போட்டு, மருந்துப் பாட்டிலுக்கு ஒட்டுவதுபோல் சீட்டு ஒட்டி, வரிசையாக அடுக்கியிருந்தார். வரிசையின் கடைசியில் ஒரு காலி உறை. அதன்மேல் '42' என்று சீட்டு ஒட்டியிருந்தது. நியாயமான மனிதர். கிண்டல் செய்கிறவராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"உட்காருங்கம்மா" என்றார். "உங்க தம்பியை நாங்க பொய் சொல்றவர்னு நினைக்கல. ஆதாரம் வேணும், அவ்வளவுதான். நீங்களும் படிச்சதா, அதுவும் கடையில நின்னே படிச்சதாச் சொன்னார்."

"ஆமா."

"அட்டை என்ன நிறம்னு ஞாபகம் இருக்கா?"

"நீலம்" என்றேன். எந்த நிறமாக இருந்தால் என்ன?

"நான் சொன்னேன்ல, நீலம்தான்!" என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் துள்ளி எழுந்தார். ரயிலில் படித்தவர். "எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. நீலம், நடுவுல வெள்ளைப் போர்வை!"

மருந்துக்கடைக்காரர் நோட்டில் எழுதிக்கொண்டார். நான் தம்பியைத் திரும்பிப் பார்த்தேன். வலது காலை மடக்க முடியாமல் நாற்காலிகளுக்கு நடுவே நீட்டி வைத்துக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக உட்கார்ந்திருந்தான். அவன் மனைவி போனதிலிருந்து இப்படி ஒரு சிரிப்பை நான் பார்க்கவில்லை. அந்தக் காலையும் பார்த்தேன். நாளைக்கு அந்தக் காலோடு அவன் மறுபடி குழிக்குள் இறங்குவான். என் கதையின் ஹீரோ இறங்கினான் என்பதற்காக இறங்குவான். நான் ஊர் பேர் தெரியாத ஒருவரின் தலையில்கூட என் புளுகை ஏற்றிவிட்டேன், அவர் அதற்கு நிறம் சொல்கிறார். எங்கள் வேலையில் கழுவாத ஒரு கருவி கலந்துவிட்டால் மொத்தத் தட்டையும் கொட்டிவிட வேண்டும்.

"அப்படி ஒரு இதழ் வரவே இல்ல" என்றேன்.

யாருக்கும் புரியவில்லை. மறுபடி சொன்னேன். "இவன் ஆஸ்பத்திரியில கிடந்தான். அச்சகத்தை மூடிட்டாங்கன்னு சொல்ல மனசு வரல. நானே கதை கட்டிச் சொன்னேன். அவன் மேல தப்பு இல்ல. அவன் பொய் சொல்லல. நான் சொன்னேன்."

ரயில்காரர் மெதுவாக உட்கார்ந்தார். யாரோ இருமினார்கள். மருந்துக்கடைக்காரர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "நன்றிம்மா" என்றார். பிறகு அந்தக் காலி உறையை எடுத்து, '42' சீட்டை நகத்தால் பொறுமையாகச் சுரண்டத் தொடங்கினார். தம்பி அதைப் பார்த்தபடி எழுந்தான். என்னைப் பார்க்கவில்லை. கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டான்.

அவன் வேகமாகப் போக முடியாது என்பது தெரியும். ஆனாலும் ஓடினேன். முதல் திருப்பத்திலேயே படியில் உட்கார்ந்திருந்தான். நானும் இரண்டு படி மேலே உட்கார்ந்தேன். அவன் என்னைக் கன்னத்தில் அறைந்திருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"எல்லாமே நீயா?" என்றான்.

"எல்லாமே."

"புது இயந்திரம் வேண்டாம்னு சொன்னான்ல. அது ஏன்?"

"தெரியலடா."

"நீதானே சொன்னே? ஏன்னு தெரியாமலா சொன்னே?"

"பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சு. மறுநாள் பரீட்சை. இயந்திரத்தை மாட்டிவிட்டா மறுபடி சண்டை போடுவான், கதை நீளும். எனக்கு அசதியா இருந்துச்சு. முடிக்கணும்னு முடிச்சேன். எந்த வேலையில உட்கார வைக்கிறதுன்னு பார்த்தேன், வார்டுக்கு வெளியே ஒரு ஆள் லிஃப்டைப் பிரிச்சுப் போட்டு ரிப்பேர் பண்ணிட்டு இருந்தாரு. அவ்வளவுதான்."

அவன் சிரித்தான். நல்ல சிரிப்பு இல்லை. "முப்பத்தஞ்சு வருஷமா அதுக்கு நான் அர்த்தம் தேடிட்டு இருக்கேன்க்கா. அவ்வளவு பெரிய ஆள், ஏன் வேண்டாம்னு சொல்லியிருப்பான்னு. பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சாம்."

"மன்னிச்சுக்கோ."

"கீழே விழுந்து எழுந்தவுடனே ஒண்ணு சொன்னானே, அதுவும் நீதானா?"

"என்ன சொன்னான்?"

"எல்லாரும் ஓடிவந்து வலிக்குதான்னு கேட்டாங்க. 'எனக்கு வலிக்காது'ன்னு சொன்னான்."

சத்தியமாக எனக்கு அது நினைவில்லை. யோசித்துப் பார்த்தேன். எடையை மாற்றும்போதெல்லாம் அவன் வார்டையே இரண்டாக்குவான். நர்ஸ் என்னைத்தான் பிடித்துத் திட்டுவாள். அன்று அவள் எடை மாற்றிக்கொண்டே பக்கத்துக் கட்டில்வரை வந்துவிட்டிருக்க வேண்டும். அவன் கத்தாமல் இருக்கட்டும் என்று சொல்லியிருப்பேன். அன்றைக்கு அவன் கத்தவில்லை. அதற்கப்புறமும் அவன் கத்தவில்லை. எதற்குமே கத்தவில்லை.

"நீ கத்தாம இருக்கணும்னு சொன்னேன்" என்றேன். "நர்ஸ் திட்டுவாங்கன்னு பயம். அந்த ஒரு நாளைக்காகத்தாண்டா சொன்னேன்."

தம்பி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். மேலே அறையில் யாரோ நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. அவர்கள் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள்.

"இப்ப பஸ்ஸுக்கு நேரமாச்சா?" என்றான்.

"இல்ல."

"அப்போ ஒழுங்கா முடி."

"இப்பவா?"

"விழுந்துட்டு இருக்கான். முடி."

எனக்கு நாற்பத்தொன்பது வயது. ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக, கால் கடுக்க வந்து, நூலகப் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறேன். கற்பனை எல்லாம் வற்றிப் பல வருஷம் ஆகிறது. ஒன்றும் வரவில்லை. பார்த்ததை மட்டும்தான் சொல்ல முடிந்தது.

"போர்வை ஒண்ணும் இல்ல" என்றேன். "தரையில விழுந்தான். கால் உடைஞ்சுது."

"அப்புறம்?"

"வலிச்சுது. நாப்பத்தோரு இதழ்ல முதல் தடவையா வலிச்சுது."

"யார்கிட்டயாவது சொன்னானா?"

"அக்காகிட்ட சொன்னான்."

"அவனுக்கு ஏது அக்கா?"

"இந்த இதழ்லதான் வர்றா."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். தோள் இரண்டும் குலுங்கின. சிரிக்கிறானா என்று எட்டிப் பார்த்தேன். சிரிக்கவில்லை. இரண்டு படி இறங்கி அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒன்பது வயதில் நான் துடைத்துவிட்ட அதே முகம்தான்.

"வலிக்குதுக்கா" என்றான். "ரொம்ப வலிக்குது."

"எங்கடா?" என்றேன்.

என் கையை எடுத்து, இடுப்பெலும்புக்குக் கீழே ஓர் இடத்தில் வைத்துக் காட்டினான்.